அடுத்த வருஷமும் வருவீங்களா?

பனியனில் போட்ட அந்த முடிச்சு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 2023 மார்ச் 8, புதன்கிழமை. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி மைதானம். நான் அப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகளிர் தினத்துக்காக நாங்கள் நடத்திய பெண்கள் கபடிப் போட்டி அது. ஆட வந்த எல்லாருக்கும் ரோஸ் நிறத்தில் பனியன் கொடுத்திருந்தோம், நெஞ்சில் கம்பெனி லோகோ. யாரிடமும் அளவு கேட்காமல் எல், எக்ஸ்எல் என்று மொத்தமாக அடித்து மூட்டையாகக் கொண்டுபோயிருந்தோம். வந்ததோ நாற்பது, நாற்பத்தைந்து கிலோ பிள்ளைகள். தொளதொளவென்று ஒரு பனியனை மாட்டிக்கொண்டு ரைடு போக முடியாது என்பது கபடி ஆடியவர்களுக்குத் தெரியும். சட்டென்று திரும்பும்போது துணி விரிந்து எதிராளியின் விரலில் மாட்டும், விழுந்து எழும்போது முட்டிக்கு அடியில் சிக்கும். அதனால் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக முன்பக்கத்துத் துணியை இழுத்துப் பிடித்து, இடுப்புக்கு மேலே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். லோகோவில் பாதி அந்த முடிச்சுக்குள் போய்விட்டது.

போட்டோ எடுக்கும் நேரத்தில் என் மேலாளர் அதைக் கவனித்தார். "லோகோவே தெரியலையே, அவிழ்க்கச் சொல்லுங்க" என்றார். சொன்னவள் நான்தான். முதல் வரிசையில் நின்ற பிள்ளை என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. முடிச்சை அவிழ்த்தாள், துணியை இரண்டு கையாலும் நீவி விட்டாள், சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். போட்டோ முடிந்ததும் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொண்டு, கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ரைடு போனாள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அந்த ஆட்டத்தை யாரும் படம் எடுக்கவில்லை. கேமராக்காரர் அதற்குள் மேடைப் பக்கம் போயிருந்தார்.

மேடையின் பின்னால் தொங்கிய ஃப்ளெக்ஸில் 'களம் அவளுடையது' என்று எழுதியிருந்தது. அந்த வரியை எழுதியவளும் நான்தான். மனசாரத்தான் எழுதினேன். கல்லூரியில் மூன்று வருஷம் இடது கார்னரில் நின்று ஆடியவள் நான். பெண்கள் பிரிமியர் லீக் வரப்போகிறது, நாமும் பெண்கள் விளையாட்டில் ஏதாவது செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது, கிரிக்கெட் வேண்டாம், கபடிக்குச் செய்யலாம் என்று அடம்பிடித்தது நான். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும். விளம்பரத்துக்கு ஒதுக்கியதில் செலவழியாமல் ஒரு தொகை மிச்சம் இருந்தது. செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷ ஒதுக்கீட்டில் அந்த அளவு குறையும். மார்ச் 8 அதற்குத் தோதான தேதியாக இருந்தது. பெண்கள் சமத்துவம் பற்றி எங்கள் அலுவலகத்தில் நடந்த கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவை பிப்ரவரி கடைசியில்தான் நடந்தன என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

மைதானத்தில்தான் உறைத்தது. 12 அணிகளைக் கூப்பிட்டிருந்தோம், ஏழுதான் வந்தன. ஏன் என்று கேட்டால், அடுத்த திங்கட்கிழமை, மார்ச் 13, பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குகிறது. ஒரு பள்ளி அணியில் நன்றாக ஆடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் பிளஸ் டூ பிள்ளைகள்தான். தமிழ்நாட்டில் வீட்டில் ஒரு பிள்ளை படிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த தேதி அது. சென்னையில் எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எங்கள் சுவரில் தொங்கிய காலண்டரில் மகளிர் தினம் வட்டமிடப்பட்டிருந்தது, பரீட்சை இல்லை. மைதானத்தில் கழிப்பறை பூட்டிக்கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளியின் பி.டி. டீச்சர் எதிர் வீட்டு ஆச்சியிடம் முதல் நாளே பேசி வைத்திருந்தார். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சாலையைக் கடந்து அந்த வீட்டுக் கொல்லைப்புறம் போய் வந்தார்கள். மேடைக்கும் பந்தலுக்கும் நாங்கள் கொடுத்த வாடகையில் நாலில் ஒரு பங்கு இருந்தால் அந்தக் கழிப்பறையைச் சரிசெய்து தண்ணீர் விட்டிருக்கலாம். அதையும் அன்று சாயந்திரம்தான் கணக்குப் போட்டேன்.

பரிசு கொடுத்து முடித்து, சேர்களை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த டீச்சர் எங்களிடம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் ஆடியவர்தான், இடது கைச் சுண்டுவிரல் நேராக நீளாது. மேலாளரிடம், "ரொம்ப நன்றி சார். அடுத்த வருஷமும் வருவீங்களா?" என்று கேட்டார். மேலாளர் சிரித்துக்கொண்டே, "பார்க்கலாம் டீச்சர், கண்டிப்பா" என்றார். இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. அவர் நகரவில்லை. "இல்ல சார், வருவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. எங்கிட்ட ரெண்டு பொண்ணுங்க இருக்கு. பரீட்சை முடிஞ்சதும் மாப்பிள்ளை பார்க்கிறதா வீட்ல பேச்சு. அடுத்த வருஷமும் போட்டி இருக்கு, பரிசு இருக்கு, காலேஜ்ல விளையாட்டு கோட்டால சீட்டுக்கு சர்டிபிகேட் சேரும்னு நான் அவங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லலாம். ஒருநாள் போட்டிக்காக எந்த அப்பா கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்?" மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி வந்துவிட்டது.

சென்னை திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால், ஒரு போட்டிக்குப் பணம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடத் தெரியும்: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பத்திரிகையில் வந்தது, லோகோ எத்தனை நொடி தெரிந்தது. பணம் வாங்குகிற பக்கத்தில் அதைவிட முக்கியமான ஒரு கணக்கு இருப்பதை டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் கேட்டது பணம்கூட இல்லை. ஒரு தேதி. அந்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியவர் அவர்.

அந்த ஒரே ஒரு கோடைக்காலம்

பெண்கள் கபடிக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது நினைவிருக்கும். செம்மண் களத்தில் ஆடியதை மேட் மேலே, விளக்குக்குக் கீழே, டிவிக்குள் கொண்டுவந்தார்கள். 2016-ல் அதன் நான்காவது சீசனோடு சேர்த்துப் பெண்களுக்கும் ஒரு தொடர் நடத்தினார்கள். ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் திவாஸ், ஸ்டார்ம் குவீன்ஸ் என்று மூன்றே மூன்று அணிகள். மமதா பூஜாரி, அபிலாஷா மாத்ரே, தேஜஸ்வினி பாய் மூன்று பேரும் கேப்டன்கள். இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுதி டிவியில் ரிமோட்டை யாரிடமும் தராமல் உட்கார்ந்து பார்த்தேன். பெண்கள் ரைடு போவதை அவ்வளவு பக்கத்திலிருந்து, மெதுவோட்டத்தில், போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டைவிரல் ஊன்றுவது வரைக்கும், அதற்கு முன் டிவியில் நான் பார்த்ததே இல்லை. ஜூலை 31 அன்று ஐதராபாத்தில் இறுதி ஆட்டம். ஸ்டார்ம் குவீன்ஸ் 24, ஃபயர் பேர்ட்ஸ் 23. ஒரு புள்ளி வித்தியாசம். கபடியில் இதைவிட நல்ல முடிவு கேட்டாலும் கிடைக்காது.

அடுத்த வருஷம் அது நடக்கவில்லை. ஆனால் ஆண்கள் லீக் அதே அடுத்த வருஷம், 2017-ல், எட்டு அணியிலிருந்து 12 அணியாக வளர்ந்தது. நம்முடைய தமிழ் தலைவாஸ் வந்தது அப்போதுதான். மூன்று மாதம், 138 ஆட்டங்கள். பெரிய டைட்டில் ஸ்பான்சர் வந்தார். பணம் இல்லாமல் போகவில்லை, பணம் பெருகிய வருஷம் அது. அந்தப் பெருகின பணத்தில் மூன்று பெண்கள் அணிக்கு இடம் இல்லாமல் போனதுதான் எனக்கு வலித்தது. 2016-ல் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு வயதில் கபடி ஆட வந்த பிள்ளைக்கு 2023-ல் பத்தொன்பது வயது. அவள் ஒவ்வொரு வருஷமும் காத்திருந்திருப்பாள். டிவியில் ஒருமுறை காட்டிவிட்டு எடுத்துக்கொண்டது, காட்டாமலே இருந்ததைவிடக் கொடுமை என்று எனக்குப் படுகிறது. அப்பாவிடம் பேசப்போகும் டீச்சருக்கு அது பாதகமான சாட்சி: "அதான் ஒரு வருஷத்தோட நிறுத்திட்டாங்களே."

இதே காலத்தில் இந்தியப் பெண்கள் சும்மா இல்லை. 2010, 2014 ஆசிய விளையாட்டில் தங்கம். 2018-ல் ஈரானிடம் தோற்று வெள்ளி. 2023-ல் ஹாங்சோவில் சீன தைபேயை 26-25 என்று ஒரு புள்ளியில் ஜெயித்துத் திரும்பவும் தங்கம். 2025 நவம்பரில் டாக்காவில் உலகக் கோப்பை. ஆடுகிற தரம் போதவில்லை, அதனால் ஸ்பான்சர் வரவில்லை என்று சொல்ல வாய்ப்பே இல்லாத விளையாட்டு இது.

சிகரெட் கம்பெனியின் பணம்

ஸ்பான்சர் பணம் என்றாலே பொய் என்று முடிவுகட்டிவிடவும் முடியவில்லை. கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தைக் குலைத்தது பெண்கள் டென்னிஸின் கதை. பலருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு திரும்பப் படித்தபோது வேறு மாதிரி தெரிந்தது.

1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு டென்னிஸ் போட்டி. ஆண்கள் பிரிவில் ஜெயித்தால் 12,500 டாலர், பெண்கள் பிரிவில் ஜெயித்தால் 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். நடத்தியவர் ஜாக் கிராமர், பழைய சாம்பியன். பில்லி ஜீன் கிங், ரோசி கசால்ஸ் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் அதைப் புறக்கணித்துவிட்டு, ஹூஸ்டனில் தனியாகப் போட்டி நடத்தினார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் டென்னிஸ் பத்திரிகை நடத்திவந்த கிளாடிஸ் ஹெல்ட்மன். செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு டாலருக்கு அவரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்க டென்னிஸ் சங்கம் தடைவிதிப்போம் என்று மிரட்டியிருந்தது. பணம் கொடுக்க வந்தது பிலிப் மோரிஸ். பெண்களுக்காகவே 1968-ல் அவர்கள் இறக்கியிருந்த சிகரெட், வர்ஜீனியா ஸ்லிம்ஸ். தொடருக்கே அந்தப் பெயர்தான்.

ஏன் வந்தார்கள் என்பதை விளம்பரத் துறையில் இருந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் சிகரெட் விளம்பரத்தை டிவியிலும் வானொலியிலும் தடைசெய்யும் சட்டத்தில் 1970 ஏப்ரலில் கையெழுத்தாகிவிட்டது. 1971 ஜனவரி 2 முதல் அமல். விளம்பரம் செய்யப் புது வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அதே 1971 ஜனவரியில் வர்ஜீனியா ஸ்லிம்ஸ் பெண்கள் டென்னிஸ் தொடர் முழுவீச்சில் தொடங்கியது. 'எவ்வளவு தூரம் வந்துவிட்டாய் பெண்ணே' என்கிற பொருளில் ஒரு விளம்பர வரி. பெண்ணுரிமை பேசுகிற வரி, சிகரெட் பெட்டிக்காக. 1987 வாக்கில் அமெரிக்கப் பெண்களில் புற்றுநோய்ச் சாவுக்கு முதல் காரணமாக இருந்த மார்பகப் புற்றுநோயை நுரையீரல் புற்றுநோய் தாண்டியது. அதில் அந்த விளம்பரத்துக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இந்தப் பணத்தைத் தொட்டிருக்கவே கூடாது என்று ஒரு வாரம் என் தோழியிடம் சண்டை போட்டேன்.

தோழியும் கபடி ஆடியவள், இப்போது காவல்துறையில் இருக்கிறாள். அவள் கேட்டாள்: "சரி, அந்த சிகரெட்காரன் எத்தனை வருஷம் இருந்தான்?" எண்ணிப் பார்த்தேன். நடுவில் சில வருஷம் விட்டுப்போனாலும், வர்ஜீனியா ஸ்லிம்ஸ் பெயர் 1990-களின் நடுப்பகுதி வரை பெண்கள் டென்னிஸோடு இருந்தது. 1971-லேயே பில்லி ஜீன் கிங் ஒரே ஆண்டில் லட்சம் டாலருக்கு மேல் பரிசு வாங்கினார். அதற்கு முன் எந்த விளையாட்டு வீராங்கனையும் அதைத் தொட்டதில்லை. 1973-ல் பெண்கள் டென்னிஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே வருஷம் அமெரிக்க ஓபனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத்தொகை, ஆளுக்கு 25,000 டாலர். விம்பிள்டன் அந்த இடத்துக்கு வர 2007 ஆனது. சிகரெட் பணம் நல்ல பணம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் முதலில் தடைக்குத் துணிந்து ஒரு டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பணம் வந்ததும் வாரா வாரம் ஊர் ஊராக ஆடுகிற ஒரு அட்டவணையை உண்டாக்கிக்கொண்டார்கள், அதைப் பிடித்துக்கொண்டே தங்களுக்கென்று ஒரு சங்கம் கட்டினார்கள். கம்பெனி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. இவர்களும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கினார்கள். கேட்க முடிந்ததற்குக் காரணம், அடுத்த வருஷமும் ஆட்டம் உண்டு என்று தெரிந்திருந்தது.

எங்கள் மைதானத்தில் நின்ற பிள்ளைகளுக்குக் கேட்க என்ன இருந்தது? பனியன் அளவுகூட யாரும் கேட்கவில்லை.

பேனர் கட்டாத ஸ்பான்சர்

தோழியிடம் பேசப் பேச இன்னொன்றும் புரிந்தது. இந்தியாவில் பெண்கள் விளையாட்டை உண்மையில் தாங்கிப்பிடித்தது யார்? ரயில்வே. கபடியாக இருந்தாலும் சரி, கிரிக்கெட்டாக இருந்தாலும் சரி, தேசியப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணியை வீழ்த்துவது மற்ற மாநிலங்களுக்கெல்லாம் பெரும்பாடு. காரணம் எளிது, நன்றாக ஆடுகிற பெண்ணுக்கு அங்கே வேலை கிடைக்கும். டிக்கெட் கிளார்க், ஜூனியர் கிளார்க் என்று ஏதோ ஒரு பதவி. மாதம் முதல் தேதி சம்பளம். பயிற்சிக்கு நேரம். பிரசவ விடுப்பு. முட்டி போனாலும் வேலை போகாது. இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் மித்தாலி ராஜ் ரயில்வே ஊழியராக இருந்துகொண்டுதான் ஆடினார். 2005 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனதற்கு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் கிடைத்தது என்று அவரே பின்னால் சொன்னார். அந்த ஆயிரத்தை நம்பியிருந்தால் இத்தனை வருஷம் அவர் ஆடியிருக்க முடியுமா? 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கிய அணியிலும் பிரதிகா ராவல், ஸ்னே ராணா, ரேணுகா சிங் தாக்கூர் மூன்று பேரும் ரயில்வேக்காரர்கள். நமது ஊரில் காவல்துறையும் அப்படித்தான். என் தோழியே சாட்சி. அவள் வீட்டில் முதலில் மாதச் சம்பளம் வாங்கியது அவள்தான். அதற்குப் பிறகுதான் அவள் தங்கையும் ஆடப் போனாள்.

தனியார் பணம் இதே உறுதியைக் கொடுக்க முடியாது என்றும் சொல்லவில்லை. நாங்கள் எங்கள் ஒருநாள் போட்டியை நடத்திய அதே வாரத்தில்தான் பெண்கள் பிரிமியர் லீக் தொடங்கியது. ஐந்து அணிகளை ரூ.4,669.99 கோடிக்கு ஏலம் விட்டார்கள். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு ரூ.951 கோடி. எல்லாரும் கோடிகளைப் பார்த்து வியந்தார்கள். எனக்கு இப்போது அந்த 'ஐந்து வருஷம்' என்ற சொல்தான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாம் வருஷம் உண்டா என்று எந்த டீச்சரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு அதில் ஒரு அணி இல்லை என்பது எனக்கு இன்னமும் ஆற்றாமைதான். ஆனாலும் மதுரையிலிருந்து கமலினி என்கிற பதினாறு வயதுப் பெண்ணை 2024 டிசம்பர் ஏலத்தில் ரூ.1.60 கோடிக்கு எடுத்தார்கள். அன்றிரவு மதுரையில் எத்தனை வீடுகளில் மகளின் கையிலிருந்த பேட்டை ஒரு அப்பா வேறு கண்ணோடு பார்த்திருப்பார்!

லோகோ இல்லாமலா?

எங்கள் போட்டி முடிந்த அந்த 2023 ஏப்ரல் மாதம் நான் அலுவலகத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம்தான். போட்டியை மே மாதத்துக்கு மாற்றுவது, நாலு வருஷம் தொடர்ந்து நடத்துவது, பள்ளிக் கழிப்பறையைச் சரிசெய்வது, முட்டி அடிபட்டால் வைத்தியச் செலவு ஏற்பது. பணத்துக்கு வழியும் எழுதியிருந்தேன். எங்கள் அளவு கம்பெனிகள் கடைசி மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். அதன் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. தொடங்கிய வருஷம் போக இன்னும் மூன்று வருஷம் வரை நீளும் திட்டங்களுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் 2021 ஜனவரியில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக்கொள்ளும் ஸ்பான்சர்ஷிப்பை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நல்ல விதி என்றுதான் நினைத்தேன். அந்த விதிதான் என் திட்டத்தைச் சாய்த்தது. "லோகோ இல்லாம நாலு வருஷமா?" என்று கேட்டார் மேலாளர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். விளம்பரப் பிரிவுக்கு அதில் ஒன்றும் இல்லை, சமூகப் பணிப் பிரிவு ஏற்கனவே வேறொன்றுக்குத் தொகையை ஒதுக்கிவிட்டது. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் என் இரண்டு பக்கம் விழுந்துவிட்டது.

2024 மகளிர் தினத்துக்கு எங்கள் கம்பெனி சென்னையில் ஒரு ஓட்டம் நடத்தியது. அதே ரோஸ் நிறம். நான் அந்த வேலையைப் பார்க்க மறுத்துவிட்டேன். சில மாதங்களில் வேறு வேலைக்கு மாறினேன்; அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. டீச்சருக்குப் போன் செய்யத்தான் ஒரு வருஷம் முழுக்கத் தைரியம் வரவில்லை. என்ன சொல்வது?

அவரே கூப்பிட்டார், 2024 ஏப்ரலில். "ஏம்மா, நோட்டீஸ் ஒண்ணு அனுப்பியிருக்கேன் பாரு" என்றார். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். நம்மூர்க் கபடி நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. மஞ்சள் தாள், மேலே பிள்ளையார், 'முதல் பரிசு வழங்குபவர்', 'இரண்டாம் பரிசு வழங்குபவர்' என்று வரிசையாகப் பெயர்கள். ரைஸ் மில் முதலாளி ஒருவர், மெடிக்கல் ஷாப்காரர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு முன்னாள் மாணவி, பழைய ஆட்டக்காரரான ஒரு ஏட்டம்மா. குடிதண்ணீர் உபயம், பந்தல் உபயம், விளக்கு உபயம். போட்டி மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மின்னொளியில். கடைசியில் தனியே ஒரு வரி, எதிர் வீட்டு ஆச்சியின் பெயரோடு: 'கழிப்பறை பழுதுபார்ப்பு'. நோட்டீஸின் தலைப்பைப் பிறகுதான் கவனித்தேன். 'இரண்டாம் ஆண்டு மகளிர் கபடிப் போட்டி' என்று அச்சிட்டிருந்தார்கள்.

"இரண்டாம் ஆண்டா டீச்சர்?" என்றேன்.

"ஆமா. நீங்க நடத்துனது முதலாம் ஆண்டு. அப்படிப் போட்டாத்தான் தொடர்ந்து நடக்குதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியும்."

அந்த இரண்டு பெண்களைப் பற்றிக் கேட்டேன். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, தஞ்சாவூரில் இருக்கிறாள், கைக்குழந்தை. இன்னொருத்தி கல்லூரியில் இரண்டாம் வருஷம் போகிறாள், பல்கலைக்கழக அணியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு டீச்சர் மூன்று தடவை போயிருக்கிறார். மூன்றாவது தடவை கையில் இந்த நோட்டீஸின் கையெழுத்துப் பிரதி இருந்ததாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். கல்யாணமான பெண்ணின் வீட்டுக்கு எத்தனை தடவை போனார் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருஷமும் போனேன், போன வருஷமும் போனேன். முழுக்கக் கடைக்காரர்கள் பணத்திலும் பழைய மாணவிகள் பணத்திலும் நடக்கிறது. போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேட் வாடகைக்கு எடுக்க வழியில்லாமல் மண்ணில்தான் ஆடுகிறார்கள். மேட்டில் ஆடிப் பழகாத பிள்ளைகள் மாநிலத் தேர்வுக்குப் போகும்போது முதல் பத்து நிமிஷம் தடுமாறுகிறார்கள். ஒரு பெரிய கம்பெனி மனது வைத்தால் ஒரே நாளில் தீர்ந்துபோகும் குறை அது. அதனால் நான் இன்னும் கம்பெனிக் கதவுகளைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு இடத்தில் பேச்சு நடக்கிறது. லோகோ தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், களத்தைச் சுற்றிப் பேனர் கட்டுங்கள், பேட்டி எடுங்கள் என்கிறேன். ஒப்பந்தத்தில் 'மூன்று ஆண்டுகள்' என்ற இரண்டு சொல்லும், 'மே மாதம்' என்ற இரண்டு சொல்லும் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். ஒரு இடத்தில் மூன்று வருஷத்துக்கு ஒப்புக்கொண்டு, மார்ச் 8-தான் வேண்டும் என்கிறார்கள். நானும் விடவில்லை, பரீட்சை அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன்.

இந்த மே மாதம் நான்காம் ஆண்டு. பனியன் செலவு என்னுடையது என்று முன்னமே சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி டீச்சர் பட்டியல் அனுப்பினார். கோடு போட்ட நோட்டில், அவருடைய அந்தச் சுண்டுவிரல் ஓரத்தில் தெரிய எடுத்த போட்டோ. பன்னிரண்டு பெயர்கள், எதிரே அளவு. எஸ், எஸ், எக்ஸ்எஸ், எம், எஸ் என்று வரிசையாகப் போகிறது. எட்டாவது பெயருக்கு நேரே அளவை எழுதி அடித்துவிட்டு, திரும்ப எழுதியிருக்கிறார்: 'எம். போன வருஷம் எஸ். வளர்ந்துட்டா.'